நைட்டிங்கேல் அம்மையாரின் கணக்கேடு

மாறுவேடப் போட்டி என்றால் நம் பெண்கள் பள்ளிகளில் ஒரு புளோரன்ஸ் நைட்டிங்கேல் தப்பாமல் மேடையேறி விடுவார். வெள்ளைச் சேலை, தலையில் முக்காடு, கையில் ஓர் அரிக்கேன் விளக்கு. நான்கு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, அவற்றின்மேல் கட்டுப்போட்ட போர்வீரர்களாகச் சில சிறுமியர் படுத்திருப்பர். அம்மையார் விளக்கை உயர்த்திப் பிடித்து ஒவ்வொருவராகப் பார்த்துச் செல்வார். திரை விழும்; கைதட்டல் எழும்.

நாமும் பல ஆண்டுகள் கைதட்டியவர்களே. அந்தக் காட்சியில் பொய் ஏதும் இல்லை. ஆயினும் அம்மையாரின் வரலாற்றைச் சற்று ஊன்றிப் படித்தபோது, அவர் கையில் விளக்கு இருந்த காலம் இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவு என்பதும், பேனாவும் கணக்கேடும் இருந்த காலம் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் என்பதும் நமக்குத் தெரிய வந்தது. விளக்கு எத்தனை பேரைக் காப்பாற்றியது என்று சொல்வது கடினம். கணக்கேடு காப்பாற்றியவர்களுக்குக் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கில் நம் திருச்சிராப்பள்ளிச் சீமைக்கும் ஒரு பக்கம் உண்டு. பெரம்பலூரும் அரியலூரும் அன்று அந்த மாவட்டத்தைச் சேர்ந்த ஊர்கள் அல்லவா? ஆகவே மேடையில் நாம் காட்டாத நைட்டிங்கேல் அம்மையாரைப் பற்றி இவ்வாண்டு மலரில் எழுதத் துணிந்தோம்.

இத்தாலி நாட்டில் புளோரன்ஸ் நகரில் 1820ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள் அவர் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரையே பெற்றோர் மகளுக்குச் சூட்டினர். செல்வக் குடும்பம். கோடைக்கு ஒரு மாளிகை, குளிருக்கு ஒரு மாளிகை என்று வாழ்ந்தவர்கள். தந்தையார் மகளுக்குத் தாமே இலத்தீனும் கிரேக்கமும் கற்பித்தார். மகளோ கணக்குப் படிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். மணமாகப் போகும் பெண்ணுக்குக் கணக்கு எதற்கு என்பது தாயாரின் கேள்வி. இந்தக் கேள்வியை நம் வீடுகளில் கேட்டிராத மாணவி எவளேனும் இருந்தால் அவள் பாக்கியசாலி. பல நாள் போராட்டத்திற்குப் பின்னரே ஆசிரியர் ஒருவரை அமர்த்த வீட்டார் இசைந்தனர்.

பதினாறு வயது நடந்தபோது, 1837 பிப்ரவரி 7ஆம் நாள், தம் ஊழியத்திற்கு இறைவன் தம்மை அழைத்ததாக அவர் உணர்ந்தார். என்ன ஊழியம் என்பது அப்போது விளங்கவில்லை. நோயாளிகளுக்குப் பணி செய்வதே அது என்று தெளிந்தபோது வீட்டில் புயல் வீசியது. அக்காலத்து இங்கிலாந்தில் மருத்துவமனைத் தாதி என்றால் குடித்துவிட்டுக் கிடப்பவள் என்ற பெயர். தம்மை விரும்பிய நல்லவர் ஒருவரின் திருமண வேண்டுகோளையும் மறுத்து, அவர் காத்திருந்தார்.

காத்திருந்த ஆண்டுகளில் அவருக்கு வழி காட்டியவர்களுள் நம் கத்தோலிக்கக் கன்னியர்கள் பலர் என்பது நம்மவர்க்குப் பெருமை தரும் செய்தி. 1847, 48ஆம் ஆண்டுகளின் குளிர்காலத்தில் அவர் உரோமை நகரில் தங்கியபோது, திரு இருதய சபையின் மடத்தில் சாந்தா கொலம்பா அன்னையைச் சந்தித்தார். அங்கே பத்து நாள் தியானம் செய்தார். தன் விருப்பத்தை இறைவனின் விருப்பத்தோடு இணைக்கும் பாடத்தை அந்த அன்னையிடம் கற்றதாக இறுதிவரை நன்றியோடு நினைத்தார். பின்னர் ஜெர்மனியில் கைசர்ஸ்வெர்த் என்னும் ஊரில் புராட்டஸ்டண்டு பணிப்பெண்களிடம் மூன்று மாதமும், பாரிசில் புனித வின்சென்ட் தே பவுலின் பிறரன்புப் புதல்வியரிடம் சில காலமும் பயின்றார். அவர் கத்தோலிக்க மறையைத் தழுவ எண்ணியதும் உண்டு, தழுவவில்லை. 1853இல் இலண்டனில் சிறு மருத்துவ இல்லம் ஒன்றின் பொறுப்பை ஏற்றபோது, ஆங்கிலத் திருச்சபையினரை மட்டுமே சேர்க்க வேண்டும் என்றது நிர்வாகக் குழு. கத்தோலிக்கரையும் யூதரையும் சேர்த்தால்தான் வேலை செய்வேன் என்று நின்று அவர் வென்றார்.

அடுத்த ஆண்டு இலண்டனில் காலரா பரவியது. நம் பாட்டிமார் வாந்திபேதி என்று சொல்லி நடுங்கினார்களே, அதே நோய்தான். 1854 ஆகஸ்டு மாதக் கடைசி இரவில் சோகோ என்னும் நெருக்கமான பகுதியில் அது வெடித்தது. மூன்றே நாளில் 127 பேர் மாண்டனர். அம்மையார் மிடில்செக்ஸ் மருத்துவமனைக்குச் சென்று, வண்டி வண்டியாக வந்து இறங்கிய ஏழைகளுக்கு இரவும் பகலும் பணி புரிந்தார்.

அம்மையார் உள்ளே பணி புரிய, அதே சோகோ தெருக்களில் ஒரு மருத்துவர் வீடு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். அவர் பெயர் ஜான் ஸ்நோ. முந்தைய ஆண்டு விக்டோரியா மகாராணியின் பேறுகாலத்தில் குளோரோபாரம் கொடுத்தவர் அவர். அரசுப் பதிவு அலுவலகத்தின் புள்ளியியலார் வில்லியம் ஃபார் என்பவர் வாரந்தோறும் இறந்தோர் பட்டியலைத் தொகுத்து வந்தார். அந்த அலுவலகத்திலிருந்து 83 பேரின் பெயரும் முகவரியும் பெற்று ஸ்நோ புறப்பட்டார். அவர் கேட்ட கேள்வி ஒன்றே: உங்கள் வீட்டில் குடிக்கத் தண்ணீர் எங்கே எடுத்தீர்கள்?

பெரும்பாலான வீடுகள் பிராட் தெருவில் இருந்த ஒரு கைப்பம்பைச் சுட்டின. அதைவிடச் சுவையானவை, பொருந்தாதவை போல் தோன்றிய செய்திகள். பம்பின் பக்கத்திலேயே இருந்த மது வடிசாலையின் தொழிலாளர் எவரும் காலராவில் சாகவில்லை. அவர்களுக்குக் குடிக்கப் பீர் கிடைத்தது, அங்கே தனிக் கிணறும் இருந்தது. அருகிலிருந்த ஏழைகள் இல்லத்தில் 535 பேருள் ஐவரே இறந்தனர். அங்கும் தனிக் கிணறு. ஆனால் பல மைல் தொலைவில் ஆம்ப்ஸ்டெட் என்னும் நல்ல காற்றுள்ள ஊரில் ஒரு விதவை அம்மாள் இறந்திருந்தார். விசாரித்தபோது, முன்பு பிராட் தெருவில் குடியிருந்த அவர் அந்தப் பம்புத் தண்ணீரின் ருசிக்காகத் தினமும் வண்டியில் ஒரு குப்பி வரவழைத்துக் குடித்தது தெரிந்தது. செப்டம்பர் 8ஆம் நாள் பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். ஸ்நோவின் கருத்து தவறு என்று நிறுவப் புறப்பட்ட ஹென்றி ஒயிட்ஹெட் என்ற அவ்வட்டாரத்து இளம் குருவானவரே, இறுதியில் அதற்கு உறுதியான சான்றைக் கண்டுபிடித்தார். பம்பை ஒட்டிய வீட்டில் நோயுற்ற கைக்குழந்தை ஒன்றின் துணி அலசிய நீரை மலக்குழியில் ஊற்றியிருந்தார்கள். குழி இடிந்து கிணற்றுக்குள் கசிந்திருந்தது.

இந்தச் சம்பவத்தை நாம் இத்தனை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இன்று உலகில் எந்த ஊரில் விருந்து சாப்பிட்டு நூறு பேர் படுத்தாலும் விசாரணை இதே வழியில்தான் நடக்கிறது. நம் பக்கத்தில் ஒரு காதுகுத்து விருந்து என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் பலருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. உடனே ஆளுக்கொரு காரணம் சொல்வோம்: கண்ணேறு, வெயில், சமையற்காரரின் கைராசி. சுகாதாரத் துறையினர் வந்தால் நோயுற்றவரை மட்டும் கேட்க மாட்டார்கள். நன்றாக இருப்பவரையும் கேட்பார்கள். தயிர்ச்சாதம் உண்ட நூறு பேரில் அறுபது பேர் படுத்தனர், அதைத் தொடாத ஐம்பது பேரில் மூவரே படுத்தனர் என்றால் சந்தேகம் எங்கே போகும் என்பதை ஐந்தாம் வகுப்புச் சிறுமியும் சொல்வாள். சாப்பிட்ட எத்தனை மணி நேரத்தில் நோய் தொடங்கியது என்பதும் பேசும் சாட்சி. ஓரிரு மணியிலேயே வாந்தி என்றால், சமைத்தவர் விரலில் சீழ்ப்புண் ஏதும் இருந்ததா என்று பார்ப்பார்கள். அதிலுள்ள கிருமி உணவில் நஞ்சைச் சுரந்து வைத்திருக்கும். அரை நாள், ஒரு நாள் கழித்துக் காய்ச்சலோடு பேதி என்றால் முட்டை, இறைச்சி, தண்ணீர் என்று தேடல் வேறு பக்கம் திரும்பும். நன்றாக இருப்பவரையும் கேள் என்பது ஜான் ஸ்நோ கற்பித்த பாடம்.

அந்த நாளில் நைட்டிங்கேல் அம்மையார் இந்தப் பாடத்தை ஏற்கவில்லை. துர்நாற்றக் காற்றே நோய்க்குக் காரணம் என்று அவரும் அக்காலப் பெரியவர் பலரும் நம்பினர். ஒட்டிப் பரவும் கிருமி என்ற பேச்சை வெகுகாலம் மறுத்து, முதுமையில்தான் அவர் மெல்ல இசைந்தார். பெரியவர்களின் வரலாற்றை எழுதும்போது இத்தகைய இடங்களைத் தாண்டிச் செல்வது வழக்கம். நாம் தாண்டவில்லை. ஏனெனில் காரணத்தைத் தவறாக நினைத்தவரும், எண்ணிக்கையை நேர்மையாக எடுத்ததால் சரியான வேலையைச் செய்ய முடிந்தது. சாக்கடையை மூடு, நல்ல நீர் கொடு, நெரிசலைக் குறை என்று அவர் சொன்னவை நாற்றத்தையும் போக்கின, கிருமியையும் போக்கின.

அவ்வாண்டு கிரிமியாவில் இங்கிலாந்து ரஷ்யாவோடு போரில் இறங்கியிருந்தது. காயம்பட்டவர் கவனிப்பாரின்றிக் கிடப்பதைச் செய்தித்தாள்கள் எழுத, அமைச்சர் சிட்னி ஹெர்பர்ட் அம்மையாரை அனுப்பினார். 1854 அக்டோபர் 21ஆம் நாள் புறப்பட்ட 38 பெண்களில் பத்துப் பேர் கத்தோலிக்கக் கன்னியர்கள். இலண்டன் பெர்மாண்ட்சி மடத்து இரக்கத்தின் சகோதரிகளுக்குத் தலைவியாக அன்னை மேரி கிளேர் மூர் சென்றார். பண்டகசாலை, கணக்கு, சமையல் என்று ஓசையின்றிப் பொறுப்பேற்ற அந்த அன்னையைத் தம்மிலும் தகுதி மிக்கவராக அம்மையார் கருதினார். 1874இல் அன்னை இறக்கும்வரை அந்த நட்பு குறையவில்லை. பின்னால் அயர்லாந்திலிருந்து வந்த கன்னியர் குழுவின் தலைவியோடு அம்மையாருக்கு ஒத்துப்போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரு பக்கமும் மன உறுதி மிகுந்தவர்கள்.

நவம்பர் 4ஆம் நாள் துருக்கி நாட்டின் ஸ்கூட்டாரியில் இறங்கினர். அங்கேதான் நம் மேடைக் காட்சி: நீண்ட தாழ்வாரங்கள், வரிசை வரிசையாய்ப் படுக்கைகள், கையில் விளக்கு. அம்மையார் சட்டை தைக்கச் செய்தார், சூப்பும் கஞ்சியும் காய்ச்சச் செய்தார், தரையைத் தேய்க்கச் செய்தார். இன்னொன்றையும் கவனித்தார். அந்த மருத்துவமனையில் இறந்தோரைப் பதிய மூன்று தனித்தனிப் பதிவேடுகள் இருந்தன. மூன்றில் எந்த இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஒரு மனிதன் எதனால் செத்தான் என்பது மட்டுமல்ல, செத்தானா என்பதே நிச்சயமில்லாத நிலை.

அன்பும் பணிவிடையும் பெருகியும் சாவு குறையவில்லை. கூடியது! 1855 பிப்ரவரியில் அனுமதிக்கப்பட்ட நூறு பேரில் நாற்பத்திரண்டு பேர் இறந்தனர். காயத்தால் அல்ல, பேதி, காலரா, விஷக்காய்ச்சல். மார்ச் மாதம் இலண்டனிலிருந்து சுகாதாரக் குழு ஒன்று வந்தது. டாக்டர் சதர்லாந்து, டாக்டர் கேவின், பொறியாளர் ராலின்சன் ஆகியோர் கட்டடத்தின் அடியைத் தோண்டிப் பார்த்தனர். மருத்துவமனை முழுவதும் அடைத்துக்கொண்ட சாக்கடைகளின்மேல் நின்றுகொண்டிருந்தது. குடிநீர் வரும் கால்வாயில் ஒரு குதிரையின் பிணம் கிடந்தது. முதல் பதினைந்து நாளில் 556 வண்டியும் கூடையுமாகக் குப்பை அகற்றினர்; செத்த விலங்குகள் 24ஐப் புதைத்தனர். சாக்கடைகளைக் கழுவிவிட்டு, சுவருக்கு வெள்ளையடித்தனர். ஜூன் மாதத்தில் நூற்றுக்கு இருவரே இறந்தனர்.

அவ்வாண்டு மே மாதம் அம்மையாரும் கடுங்காய்ச்சலில் விழுந்தார். பிழைத்தாலும் பழைய உடல் திரும்பவில்லை. அந்தக் காய்ச்சலைப் பற்றிப் பின்னர் சொல்வோம்.

1856 ஆகஸ்டில் நாடு திரும்பியபோது ஊரே வரவேற்கக் காத்திருந்தது. அவர் யாருக்கும் சொல்லாமல், கிராம ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வீடு சேர்ந்தார். மகாராணியைச் சந்தித்து, படையின் சுகாதாரத்தை விசாரிக்க ஓர் ஆணையம் வேண்டும் என்றார். பிறகு வில்லியம் ஃபாரோடு அமர்ந்து எண்களை அடுக்கலானார். போரில் களத்தில் வீழ்ந்தோர் 2,755. காயத்தால் பின்னர் இறந்தோர் 2,019. நோயால் இறந்தோர் 16,323.

கணக்கு தெளியத் தெளிய ஓர் உண்மை முகத்தில் அறைந்தது. முதற் குளிர்காலத்தில் மற்ற மருத்துவமனைகளைவிட அதிகம் பேர் இறந்த இடம் ஸ்கூட்டாரிதான். தாம் இரவெல்லாம் விழித்து, விளக்கேந்தி நடந்த அதே தாழ்வாரங்கள்தாம்! பட்டினியும், தாமதமாக வந்து சேர்ந்ததுமே வீரர்களைக் கொன்றன என்று அதுவரை நம்பியிருந்தார். கொன்றது காலடியில் ஓடிய சாக்கடை என்று எண்கள் சொல்லின.

இந்த இடத்தில் நாம் புத்தகத்தைச் சற்று மூடி வைத்துவிட்டோம். நாடு முழுவதும் அவரைத் தேவதையாக வணங்கிய நேரம் அது. படம் அச்சிட்டு விற்றார்கள், பாட்டுக் கட்டினார்கள், பிறந்த குழந்தைகளுக்கு அவர் பெயரிட்டார்கள். அந்த எண்களை அவர் மடித்து வைத்திருந்தால் கேட்பார் எவருமில்லை. அவர் அவற்றை அச்சிட்டார். 1858இல் ஸ்கூட்டாரியின் பேரழிவை, அதன் காரணத்தை, மாதவாரியாக எழுதி அமைச்சர்களுக்கும் தளபதிகளுக்கும் அனுப்பினார். நீண்ட அட்டவணையைப் பெரிய மனிதர்கள் படிக்க மாட்டார்கள் என்பது தெரிந்து, வண்ணப் படமாகவே வரைந்தார். கடிகாரம் போல் ஒரு வட்டம். மாதத்திற்கு ஓர் ஆப்பு. தடுத்திருக்கக்கூடிய நோயால் இறந்தோருக்கு நீலம், காயத்திற்குச் சிவப்பு, மற்றவற்றிற்குக் கறுப்பு. ஒரு பார்வையில் நீலம் முழுதையும் விழுங்கி நிற்பது தெரியும். புள்ளியியல் கழகம் தன் முதல் பெண் உறுப்பினராக அவரைச் சேர்த்துக்கொண்டது. 1860இல் இலண்டனில் கூடிய பன்னாட்டுப் புள்ளியியல் மாநாட்டில், எல்லா மருத்துவமனைகளும் நோயையும் சாவையும் ஒரே மாதிரிப் படிவத்தில் பதிய வேண்டும் என்ற அவரது திட்டம் வைக்கப்பட்டது. செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியதும் அதே ஆண்டுதான்; அது எல்லாருக்கும் தெரிந்த செய்தி.

இனி நம் நாட்டிற்கு வருவோம். அம்மையார் இந்தியாவிற்கு வந்ததே இல்லை. 1857 முதல் பெரும்பாலும் படுக்கையில் இருந்தவர் எப்படி வருவார்? 1859இல் இந்தியாவிலுள்ள படையின் சுகாதாரத்தை விசாரிக்க ஆணையம் அமைந்தபோது, அவர் கேள்வித்தாள் ஒன்றைத் தயாரித்தார். குடிநீர் எங்கிருந்து வருகிறது? யார், எதில் சுமந்து வருகிறார்? கழிவு எங்கே போகிறது? ஓர் அறையில் எத்தனை பேர்? அந்தத் தாள் நாடெங்குமுள்ள படை நிலையங்களுக்குப் போயிற்று. சென்னை மாகாணத்தில் பதில் அனுப்பிய நிலையங்களில் நம் திருச்சிராப்பள்ளியும் ஒன்று. பதில்கள் மூட்டை மூட்டையாக அவர் வீட்டிற்கு வந்து குவிந்தன. படுத்தபடியே அத்தனையையும் படித்தார்.

1863இல் வெளிவந்த அறிக்கை இரண்டாயிரம் பக்கம் கொண்டது. சாரம் ஒரு வரியில் அடங்கும்: ஆயிரம் வீரரில் ஆண்டுக்கு 69 பேர் இறந்தனர், அவர்களில் 60 பேர் தடுத்திருக்கக்கூடிய நோயால் இறந்தனர். குளிக்கும் குளத்திலேயே குடிநீர், அதைச் சுமக்கும் கழுவாத தோற்பை, கிணற்றருகே கழிப்பிடம், வடிகால் என்ற பேச்சே இல்லாத குடியிருப்பு, போதாக்குறைக்குத் தினந்தோறும் சாராயப் படி. சுருக்கப் பதிப்பில் இந்தச் சான்றுகளை நீக்கிவிட்டு அச்சிட்டார்கள். அம்மையார் விடவில்லை. தாம் எழுதிய பகுதியைத் தனியே அச்சிட்டு வேண்டியவர்க்கெல்லாம் அனுப்பினார். மறு ஆண்டே சென்னை, வங்காளம், பம்பாய் ஆகிய மூன்று மாகாணங்களிலும் சுகாதார ஆணையங்கள் அமைந்தன. பத்தாண்டு கழித்து எடுத்த கணக்கில் ஆயிரத்திற்கு 69 என்பது 18 ஆகக் குறைந்திருந்தது.

முதலில் அவர் கவலைப்பட்டது வெள்ளைக்காரச் சிப்பாய்களைப் பற்றித்தான், அதை மறைப்பானேன்? ஆனால் பதில்களைப் படிக்கப் படிக்க, ஊர் மக்களின் கிணறு கெட்டிருந்தால் படைவீட்டுக் கிணறும் கெடும் என்பது அவருக்குப் புரிந்தது. நாளடைவில் சிப்பாய் பின்னே போய், குடியானவர் முன்னே வந்தார். 1876 முதல் 78 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் பசியும் காலராவும் சேர்ந்து லட்சக்கணக்கில் மக்களைக் கொண்டுபோயின. நிவாரண வேலையாட்களுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று கல்கத்தாவிலிருந்து வந்த உத்தரவை எதிர்த்து, இந்த அளவில் ஆட்கள் செத்து விழுவார்கள் என்று இறப்புக் கணக்கைக் காட்டி வாதாடியவர் சென்னையின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ். அளவு உயர்ந்தது. இலண்டனில் அம்மையாரும் 1878இல் இந்திய மக்களின் நிலையைப் பற்றிச் சுடச்சுட எழுதினார்.

பஞ்சம் தீர நீர்ப்பாசனம் வேண்டும் என்று அவரோடு ஓயாது கடிதத்தில் பேசியவர் ஆர்தர் காட்டன். ஜெயங்கொண்டம் பக்கத்து மாணவிகள் கும்பகோணம் போகையில் கொள்ளிடத்தைக் கடக்கும் அணைக்கரை, அவர் 1836இல் கட்டியது. அடுத்த முறை பேருந்து அங்கே ஊர்ந்து செல்லும்போது, இந்த அணைக்காரரும் அந்த விளக்கு அம்மையாரும் நம் வயல்களைப் பற்றி எழுதிக்கொண்டதை நினைத்துப் பாருங்கள்.

எழுபது வயதைத் தாண்டிய பின்னும் அவர் எழுதியவை இந்திய கிராமங்களைப் பற்றியவையே. 1894இல் புடாபெஸ்டில் நடந்த சுகாதார மாநாட்டிற்கு இந்திய கிராமச் சுகாதாரம் பற்றிக் கட்டுரை அனுப்பினார். ஊர்ப்பெண்கள் மனம் வைத்தால்தான் ஊர் சுத்தமாகும் என்பது அவர் முடிவு. பட்டணத்து அதிகாரி போடும் உத்தரவில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை இருக்கவில்லை.

சென்னை மாகாணத்தில் 1899இல் பிறப்பு, இறப்புப் பதிவுக்குச் சட்டம் வந்தது. 1939இல் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. இந்தியாவில் இதுவே முதல் என்பர். 2004இல் நாடு முழுவதற்கும் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் தொடங்கியது. கிராம சுகாதார செவிலியர் தாம் கேட்டறிந்த நோயை ஒரு படிவத்திலும், மருத்துவர் தாம் கண்ட நோயை ஒரு படிவத்திலும், ஆய்வுக்கூடத்தார் தாம் உறுதி செய்ததை ஒரு படிவத்திலும் எழுதி வாரந்தோறும் அனுப்பி வந்தனர்; 2021 முதல் அவை கணினி வழியே உடனுக்குடன் செல்கின்றன. ஒரு கிராமத்தில் வழக்கத்தைவிட நாலைந்து பேர் கூடுதலாகப் பேதி என்று வந்தால், மேல்நிலைத் தொட்டியில் குளோரின் இருக்கிறதா, குழாய் எங்கே சாக்கடையோடு உரசுகிறது என்று பார்க்க ஆட்கள் புறப்படுவதற்கு அந்த எண்ணே காரணம். நம் வீட்டு வாசலில் நோட்டோடு நின்று, யாருக்காவது காய்ச்சலா என்று கேட்கும் அக்காவிடம், ஒன்றுமில்லை என்று சொல்லி அவசரமாக அனுப்பிவிடுகிறோம். உண்மையைச் சொல்லாவிட்டால் பெர்மாண்ட்சி அன்னையே வந்து எழுதினாலும் ஏடு பொய்யாகத்தான் இருக்கும்.

அந்தக் காய்ச்சலைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னோம். 1855இல் அம்மையாரைத் தாக்கிய நோய் மால்ட்டாக் காய்ச்சலாக இருந்திருக்கலாம் என்று பிற்கால மருத்துவர் சிலர் கருதுகின்றனர். காய்ச்சல் விட்டு விட்டு வரும், முதுகும் மூட்டும் ஆண்டுக்கணக்கில் வலிக்கும், மனம் சோர்ந்துபோகும். அவருக்கு எல்லாம் இருந்தன. புனித பவுலடியார் கப்பல் உடைந்து கரையேறிய மால்ட்டாத் தீவில் இருந்த ஆங்கிலப் படையினர் பலர் இந்நோயால் படுத்துவந்தனர். 1887இல் டேவிட் புரூஸ் என்ற மருத்துவர் அதன் கிருமியைக் கண்டார். எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் புரியவில்லை. 1905இல் அத்தீவினரான டாக்டர் ஜாமிட், பார்வைக்கு நல்ல நலத்துடன் இருந்த வெள்ளாடுகளின் இரத்தத்தைச் சோதித்தார். நோய்க்குறி அவற்றில் இருந்தது. அதே ஆண்டு மால்ட்டா ஆடுகளை ஏற்றிச் சென்ற ஒரு கப்பலில், வழியில் அவற்றின் பாலைக் குடித்த மாலுமிகள் காய்ச்சலில் விழுந்தனர். காய்ச்சாத பாலே காரணம் என்பது தெளிவாயிற்று. 1906இல் படையினருக்கு அந்தப் பாலை நிறுத்தினார்கள். நோயும் கிட்டத்தட்ட நின்றது. வீட்டில் பாலைப் பொங்கப் பொங்கக் காய்ச்சும் நம் அன்னையர்க்கு இதில் புதிது ஒன்றுமில்லை.

அந்தச் செய்தி அம்மையார் காதில் விழுந்திருந்தாலும் பயனில்லை. பார்வை போய்விட்டது, நினைவும் மங்கிவிட்டது. 1907இல் மன்னர் அளித்த உயரிய விருது வீடு தேடி வந்தது. பெண் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை. 1910 ஆகஸ்டு 13ஆம் நாள், தொண்ணூறாம் வயதில், உறக்கத்திலேயே உயிர் பிரிந்தது. மன்னர்களும் கவிஞர்களும் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் இடம் தர அரசு முன்வந்தது. அவர் விருப்பப்படி உறவினர் அதை ஏற்கவில்லை. கிழக்கு வெல்லோ என்னும் சிற்றூர்க் கோயில் வளாகத்தில், பெற்றோரின் கல்லறையருகே அடக்கம் செய்தனர். பெட்டியைச் சுமந்தவர்கள் ஆறு படைவீரர்கள். அந்தக் கல்லில் அவருடைய முழுப் பெயர் இல்லை. இரண்டு எழுத்து, பிறந்த நாள், இறந்த நாள், அவ்வளவே பொறித்திருக்கிறார்கள்.